இன்டர்நெட்டில் ஒரு சின்ன ஊர்: லெம்மியில் குடியேறுவது எப்படி?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றுவிட்டீர்கள். இமெயில் அனுப்பக் கற்றுக் கொண்டீர்கள். செய்தித் தளங்கள், யு-டியூப் என ஒரு சுற்று வந்தாயிற்று. அடுத்து எழும் ஆசை, நம்மைப் போன்ற ஆர்வம் உள்ள நாலு பேருடன் பேச வேண்டும் என்பதுதான். பிரிண்டர் மக்கர் செய்தால் கேட்க ஓர் இடம் வேண்டும். மாடித் தோட்டம், பழைய கேமரா, செஸ், வானவியல் என எதில் ஆர்வம் இருந்தாலும், அதைப் பற்றி நாள் முழுக்கப் பேசத் தயாராக இருப்பவர்கள் உலகில் எங்கோ இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களை ஒன்று சேர்ப்பவைதான் விவாதத் தளங்கள்.

இவற்றில் மிகப் பெரியது ரெட்டிட். தினமும் 10 கோடிப் பேருக்கும் மேல் வந்து போகும் இடம் அது. இந்தக் கட்டுரையில் நாம் பார்க்கப் போவது அதைவிட மிக மிகச் சிறியதான லெம்மி. இதில் ஒரு மாதத்தில் எழுதுபவர்கள் சில பத்தாயிரம் பேர் மட்டுமே. அப்படியிருக்க அங்கே ஏன் போக வேண்டும், போனால் எப்படிக் காலூன்றுவது, எந்தெந்த விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இடம் யாருக்குச் சொந்தம்?

பெரிய தளங்கள் எல்லாம் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமானவை. நாம் எழுதுவது, சேர்க்கும் நண்பர்கள், பல ஆண்டுகளாகச் சேர்ந்த கேள்வி பதில்கள் அனைத்தும் அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களில்தான் இருக்கும். அந்த நிறுவனம் கடையைக் கட்டினால் எல்லாம் போய்விடும். ஒரு காலத்தில் இந்தியாவில் வீட்டுக்கு வீடு பேசப்பட்ட ஆர்குட் தளத்தை கூகுள் நிறுவனம் 2014 செப்டம்பர் 30 அன்று மூடியது. பொதுமக்களுக்கான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் நின்றது. தமிழ் வாசகர்கள் பலர் கூடிப் பேசிய யாகூ குரூப்ஸ், 2020 டிசம்பரில் முழுவதுமாக மூடப்பட்டது.

மூடாவிட்டாலும் விதிமுறைகள் மாறலாம். ரெட்டிட் தளத்தைப் படிக்க, வெளியார் தயாரித்த அப்ளிகேஷன்கள் பல இருந்தன. அவை ரெட்டிட் சர்வரிலிருந்து தகவல்களைப் பெறுவதற்கு கட்டணம் வசூலிக்கப்படும் என்று 2023 ஏப்ரலில் அந்த நிறுவனம் அறிவித்தது. அவற்றில் புகழ்பெற்ற அப்போலோ அப்ளிகேஷனைத் தயாரித்தவர், தமக்கு ஆண்டுக்கு சுமார் 2 கோடி டாலர் செலவாகும் என்று கணக்கிட்டுச் சொன்னார். எதிர்ப்பு தெரிவித்து ஜூன் 12 முதல் ஆயிரக்கணக்கான ரெட்டிட் குழுக்கள் கதவை அடைத்துக் கொண்டன. பலன் இல்லை. ஜூன் 30 அன்று அப்போலோ நிறுத்தப்பட்டது. அந்த நாட்களில் மாற்று இடம் தேடியவர்களில் பலர் வந்து சேர்ந்த இடம்தான் லெம்மி.

லெம்மி என்பது ஒரு தளம் அல்ல

புதியவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான். "லெம்மி எந்த முகவரியில் இருக்கிறது?" என்று கேட்டால் ஒற்றைப் பதில் கிடையாது. லெம்மி என்பது ஒரு புரோகிராம். டெஸலைன்ஸ், நியூட்டோமிக் என்ற பெயர்களில் இயங்கும் இருவர் 2019ஆம் ஆண்டில் இதனை உருவாக்கத் தொடங்கினர். ஓப்பன் சோர்ஸ் வகையைச் சேர்ந்தது என்பதால், விரும்பும் எவரும் இதை இலவசமாக எடுத்துத் தங்கள் சர்வரில் நிறுவிக் கொள்ளலாம். அப்படி உலகின் பல நாடுகளில் நூற்றுக்கணக்கானவர்கள் நிறுவியிருக்கிறார்கள். ஒவ்வொரு சர்வரும் தனித்தனி தளம். ஆனால் அவை ஒன்றோடொன்று பேசிக் கொள்ளும்.

இது எப்படிச் சாத்தியம்? பி.எஸ்.என்.எல். போனிலிருந்து ஏர்டெல் எண்ணுக்கு நாம் பேசுவது போலத்தான். இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள். ஆனாலும் அழைப்பு எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பதில் பொதுவான விதி இருப்பதால் பேச முடிகிறது. லெம்மி சர்வர்களுக்கு இடையே இருக்கும் பொது விதிக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். வெப் தொழில்நுட்பங்களுக்குத் தரம் வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் இதனை அங்கீகரித்தது. மாஸ்டொடன், பைஃபெட், எம்பின் போன்ற வேறு புரோகிராம்களும் இதே விதியைப் பின்பற்றுவதால், அவற்றில் இருப்பவர்களும் லெம்மியில் நடக்கும் பேச்சில் கலந்து கொள்ள முடியும்.

ஆக, நீங்கள் ஏதேனும் ஒரு சர்வரில் மட்டும் அக்கவுண்ட் தொடங்கினால் போதும். மற்ற சர்வர்களில் உள்ள குழுக்களையும் அங்கிருந்தபடியே படிக்கலாம், எழுதலாம். உங்கள் முகவரி இமெயில் முகவரி போலவே, உங்கள் பெயர், அடுத்து @ குறி, அடுத்து சர்வரின் பெயர் என்று அமையும்.

குடியிருக்க ஒரு சர்வர்

வாடகைக்கு வீடு பார்க்கும்போது தண்ணீர் வருகிறதா, வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர், அக்கம்பக்கம் எப்படி என்று விசாரிக்கிறோம் அல்லவா? அதே விசாரணை இங்கும் தேவை. ஜாயின்-லெம்மி டாட் ஆர்க் என்ற தளத்தில் சர்வர்களின் பட்டியல் கிடைக்கும். தேர்ந்தெடுக்கும் முன் கீழே தரப்பட்டுள்ள ஐந்து விஷயங்களைப் பாருங்கள்.

1. எதற்கான சர்வர்: சில சர்வர்கள் பொதுவானவை. லெம்மி டாட் வேர்ல்ட் அப்படிப்பட்டது; 2023 ஜூனில் தொடங்கி, வெகு விரைவில் மிகப் பெரியதாக வளர்ந்தது. சில சர்வர்கள் ஒரு துறைக்கானவை. புரோகிராமிங் டாட் டெவ் என்பது புரோகிராம் எழுதுபவர்களுக்கானது. மாண்டர் டாட் எக்ஸ்ஒய்இசட் அறிவியலுக்கும் இயற்கைக்கும் ஆனது. ஆஸி டாட் ஜோன் ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களை மனதில் வைத்து நடத்தப்படுவது. வேறு சில, குறிப்பிட்ட அரசியல் கொள்கை சார்ந்தவை. முதல் பக்கத்தையும் விதிமுறைகளையும் ஐந்து நிமிடம் படித்தால் இது தெரிந்துவிடும்.

2. யார் நடத்துகிறார்கள்: நிர்வகிப்பவர் ஒருவரா, பலரா என்று பாருங்கள். ஒருவர் மட்டும் என்றால், அவருக்கு உடல்நலம் சரியில்லாமல் போனாலோ ஆர்வம் குறைந்தாலோ சர்வரைக் கவனிக்க ஆள் இருக்காது. ஜெர்மன் மொழி பேசுவோரின் பெரிய சர்வராக இருந்த ஃபெடிட் டாட் டிஇ இப்படித்தான் கவனிப்பின்றி 2024இல் செயலிழந்தது. அங்கிருந்தவர்கள் ஃபெடிட் டாட் ஆர்க் என்ற புதிய சர்வருக்குச் சென்றார்கள். அதனை ஒரு சங்கம் நடத்துகிறது.

3. பணம் எங்கிருந்து வருகிறது: பெரும்பாலான லெம்மி சர்வர்களில் விளம்பரம் கிடையாது. நன்கொடையிலும் நடத்துபவரின் சொந்தப் பணத்திலும் ஓடுகின்றன. வரவு செலவை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கும் சர்வர் என்றால் நம்பிக்கை வைக்கலாம்.

4. எத்தனை நாளாக இயங்குகிறது: நேற்றுத் தொடங்கிய சர்வரைவிட இரண்டு மூன்று ஆண்டுகள் தாக்குப் பிடித்த சர்வர் நல்லது. 2023 ஜூலையில் விலெம்மி டாட் நெட் என்ற சர்வர் முன்னறிவிப்பு இல்லாமல் நின்று போனது. அதில் அக்கவுண்ட் வைத்திருந்தவர்கள் மறுநாள் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று.

5. யாருடன் பேசுவதில்லை: ஒவ்வொரு சர்வரின் முதல் பக்கத்தின் அடியிலும் "இன்ஸ்டன்சஸ்" என்று ஒரு லிங்க் இருக்கும். அதில் கிளிக் செய்தால், அந்த சர்வர் எவற்றுடன் இணைந்திருக்கிறது, எவற்றைத் தடை செய்திருக்கிறது என்ற பட்டியல் கிடைக்கும். இதன் முக்கியத்துவத்தைப் பின்னர் பார்ப்போம்.

இவ்வளவு யோசித்தும் முடிவு செய்ய முடியவில்லையா? நடுத்தர அளவில் உள்ள, விதிமுறைகளைத் தெளிவாக எழுதி வைத்திருக்கும் ஒரு பொது சர்வரில் தொடங்குங்கள். பிடிக்காவிட்டால் மாறிக் கொள்ளலாம்.

அக்கவுண்ட் தொடங்குதல்

தேர்ந்தெடுத்த சர்வரின் முகவரியை பிரவுசரில் டைப் செய்து, மேலே வலது பக்கம் உள்ள "சைன் அப்" என்பதில் கிளிக் செய்யுங்கள். பெயர், இமெயில் முகவரி, பாஸ்வேர்ட் ஆகியவற்றைக் கேட்கும். பெயரை யோசித்துக் கொடுங்கள். பின்னர் மாற்ற முடியாது. உண்மைப் பெயர் தர வேண்டும் என்ற கட்டாயமில்லை.

சில சர்வர்கள் "ஏன் இங்கு சேர விரும்புகிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்கும். இதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். தானாக அக்கவுண்ட் தொடங்கி விளம்பரம் கொட்டும் புரோகிராம்களைத் தடுப்பதற்கான ஏற்பாடுதான் இது. உங்களுக்கு எதில் ஆர்வம், எப்படி இந்த சர்வரைப் பற்றி அறிந்தீர்கள் என்று இரண்டு மூன்று வரிகள் எழுதினால் போதும். நிர்வாகி படித்துப் பார்த்து அனுமதிப்பார். அவர் வேறு வேலையில் இருப்பவராக இருக்கலாம். ஓரிரு நாட்கள் பொறுத்திருங்கள்.

பாஸ்வேர்ட் விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. உங்கள் இமெயிலுக்கோ பேங்க் கணக்குக்கோ பயன்படுத்தும் பாஸ்வேர்டை இங்கே தரவே கூடாது. 2023 ஜூலையில் லெம்மி புரோகிராமில் இருந்த ஓர் ஓட்டையைப் பயன்படுத்தி, லெம்மி டாட் வேர்ல்ட் சர்வரின் நிர்வாகி அக்கவுண்ட் ஒன்றையே சிலர் கைப்பற்றினர். ஓட்டை விரைவில் அடைக்கப்பட்டது. ஆனாலும் இவை தன்னார்வலர்கள் நடத்தும் இடங்கள் என்பதை மனதில் வையுங்கள். செட்டிங்ஸ் பகுதியில் இரண்டு அடுக்குப் பாதுகாப்பு வசதி உள்ளது. அதனை இயக்கிவிடுவது நல்லது.

முதலில் செய்ய வேண்டிய செட்டிங்ஸ்

உள்ளே நுழைந்ததும் உங்கள் பெயரில் கிளிக் செய்து செட்டிங்ஸ் பக்கத்துக்குச் செல்லுங்கள்.

மொழி: நீங்கள் படிக்க விரும்பும் மொழிகளைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் இருக்கும். இதில் தமிழும் ஆங்கிலமும் போதும் என்று அவற்றை மட்டும் தேர்ந்தெடுத்தால், பக்கம் ஏறக்குறைய காலியாகத் தெரியும். காரணம், எழுதுபவர்களில் பலர் தங்கள் போஸ்ட் எந்த மொழி என்று குறிப்பிடுவதில்லை. அவை எல்லாம் "அன்டிடர்மைண்ட்" என்ற பிரிவில் சேர்ந்துவிடும். எனவே கண்ட்ரோல் கீயை அழுத்தியவாறே அன்டிடர்மைண்ட், ஆங்கிலம், தமிழ் மூன்றையும் தேர்ந்தெடுங்கள்.

பெரியவர்களுக்கான படங்கள்: இவற்றைக் காட்டவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் அடையாளம் இல்லாமல் பார்த்துக் கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைகளும் அதே கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவார்கள் என்றால் இது அவசியம்.

மாற்றங்களைச் செய்தபின் "சேவ்" பட்டனை அழுத்த மறக்காதீர்கள்.

என்ன படிப்பது?

முகப்புப் பக்கத்தில் மூன்று பிரிவுகள் இருக்கும். "லோக்கல்" என்பது உங்கள் சர்வரில் உள்ள குழுக்களில் எழுதப்படுபவை. "ஆல்" என்பது உங்கள் சர்வருக்கு வந்து சேரும் எல்லாக் குழுக்களும். "சப்ஸ்கிரைப்டு" என்பது நீங்கள் சேர்ந்துள்ள குழுக்கள் மட்டும்.

புதியவர்கள் "ஆல்" பிரிவைத் திறந்து பார்த்துவிட்டு, அமெரிக்க அரசியலும் லினக்ஸ் பேச்சும் கேலிப் படங்களும்தான் லெம்மி என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது சந்தைக்கடை. அதை வைத்து ஊரை எடை போடக் கூடாது. உங்கள் ஆர்வத்துக்கு ஏற்ற பத்துப் பதினைந்து குழுக்களைத் தேடிச் சேருங்கள். பின்னர் "சப்ஸ்கிரைப்டு" பிரிவை மட்டும் தினமும் படியுங்கள்.

வேறு சர்வரில் உள்ள குழுவைத் தேட, உங்கள் சர்வரின் தேடல் கட்டத்தில் ஆச்சரியக் குறி, குழுவின் பெயர், @ குறி, அந்த சர்வரின் பெயர் ஆகியவற்றை இடைவெளி இல்லாமல் டைப் செய்யுங்கள். குழுவின் பக்கம் வந்ததும் "சப்ஸ்கிரைப்" பட்டனை அழுத்துங்கள்.

வரிசைப்படுத்தும் முறையையும் மாற்றிப் பாருங்கள். "ஆக்டிவ்", "ஹாட்" ஆகியவை கூட்டம் உள்ள போஸ்ட்களை மேலே காட்டும். 2023 டிசம்பரில் வெளியான பதிப்பில் "ஸ்கேல்டு" என்ற முறை சேர்க்கப்பட்டது. இது சிறிய குழுக்களின் போஸ்ட்களுக்குக் கூடுதல் எடை கொடுத்து மேலே கொண்டுவரும். ஐம்பது பேர் மட்டும் உள்ள குழுவில் ஒருவர் கேட்ட கேள்வியும் கண்ணில் படும். வேண்டாத நபர், குழு, ஏன் ஒரு முழு சர்வரையே கூட உங்கள் பார்வையிலிருந்து மறைக்க "பிளாக்" வசதி உள்ளது.

குழு ஏன் காலியாகத் தெரிகிறது?

ஒரு குழுவைத் தேடிப் பிடித்தால் சில போஸ்ட்கள் மட்டும் இருக்கும். கமெண்ட் ஒன்றும் இருக்காது. அதே குழுவை அதன் சொந்த சர்வரில் திறந்தால் நூற்றுக்கணக்கான கமெண்ட்கள் இருக்கும். ஏதோ கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் சர்வரில் உள்ள யாராவது ஒருவர் அந்தக் குழுவில் சேர்ந்தால்தான், அங்கு எழுதப்படுபவை உங்கள் சர்வருக்கு அனுப்பப்படும். நீங்கள்தான் முதலில் தேடியவர் என்றால், அண்மைக்கால போஸ்ட்கள் கொஞ்சம் மட்டும் எடுத்து வரப்படும். நீங்கள் சேர்ந்த பிறகு புதிதாக வருபவை எல்லாம் ஒழுங்காக வந்து சேரும். பத்திரிகைக்குச் சந்தா கட்டியதும் அடுத்த இதழிலிருந்து வீட்டுக்கு வருவது போல என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஒரே பெயரில் பல சர்வர்களில் குழுக்கள் இருக்கும். தோட்டக்கலை என்ற பெயரில் மூன்று குழு இருந்தால் மூன்றிலும் சேர்ந்து ஒரு வாரம் பாருங்கள். எதில் ஆட்கள் பதில் சொல்கிறார்களோ அதில் தங்குங்கள்.

எழுதுங்கள், காத்திருங்கள்

பெரிய தளத்தில் நாம் எழுதாவிட்டாலும் யாரோ எழுதுவார்கள். கோடிப் பேரில் ஆயிரம் பேர் எழுதினாலே படிக்கத் தீராது. சின்ன ஊரில் அப்படியில்லை. நூறு பேர் உள்ள குழுவில் நூறு பேரும் அடுத்தவர் தொடங்கட்டும் என்று காத்திருந்தால் அந்தக் குழு ஒரு மாதத்தில் அடங்கிவிடும். லெம்மியில் நன்றாக இருந்த பல குழுக்கள் சண்டையால் அழியவில்லை. பேச ஆள் இல்லாமல்தான் ஓய்ந்தன.

எனவே படிப்பதோடு நிறுத்திக் கொள்ளாதீர்கள். மாடியில் கத்தரி காய்த்ததா? ஒரு படம் எடுத்துப் போட்டு, என்ன உரம் இட்டீர்கள் என்று எழுதுங்கள். யாராவது கேட்ட கேள்விக்கு உங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்தாலும், "எனக்கு இப்படித்தான் சரியாயிற்று" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள் என்றாலும் இலக்கண சுத்தமான ஆங்கிலத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. தமிழில் எழுதினால் மொழிப் பட்டியலில் தமிழ் என்று குறிப்பிடுங்கள்.

பதில் உடனே வராது. காலையில் கேட்ட கேள்விக்கு இரவில், சில நேரம் இரண்டு நாள் கழித்துப் பதில் வரும். ஆனால் பதில் சொன்னவரை அடுத்த வாரமும் அதே குழுவில் பார்ப்பீர்கள். மூன்றாவது முறை பெயர் நினைவில் நின்றுவிடும். பெரிய தளத்தில் கடைசிவரை கிடைக்காத பழக்கம் இது. அதே காரணத்தால், ஒருவரிடம் கடுமையாகப் பேசிவிட்டுக் கூட்டத்தில் மறைந்து கொள்ளவும் இங்கே முடியாது. லெம்மியின் வழக்கமான பக்கத்தில் ஒருவர் பெற்ற ஓட்டுகளின் மொத்தக் கணக்கு காட்டப்படுவதில்லை. மதிப்பெண் சேர்ப்பதற்காக எழுத வேண்டிய தேவையே இல்லை.

குழுவைக் கண்காணிப்பவர்களுக்கு மாடரேட்டர் என்று பெயர். அவர்கள் நீக்கும் போஸ்ட்கள், தடை செய்யும் நபர்கள் பற்றிய விவரம் "மாட்லாக்" என்ற பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும். உங்கள் போஸ்ட் காணாமல் போனால் சண்டைக்குப் போகும் முன் இந்தப் பக்கத்தைப் பாருங்கள். காரணமும் எழுதியிருப்பார்கள்.

வேலி போடும் சர்வர்கள்

ஒரு சர்வர் இன்னொன்றுடன் தொடர்பைத் துண்டித்துக் கொள்ள முடியும். இதற்கு டிஃபெடரேஷன் என்று பெயர். 2023 ஜூனில் ரெட்டிட்டிலிருந்து கூட்டம் வந்தபோது நடந்ததைப் பாருங்கள். பீஹா டாட் ஆர்க் என்பது, மரியாதையான பேச்சு வேண்டும் என்பதற்காகவே விண்ணப்பம் பார்த்து ஆட்களைச் சேர்க்கும் சர்வர். லெம்மி டாட் வேர்ல்டும் மற்றொரு பெரிய சர்வரும் அப்போது யார் வேண்டுமானாலும் உடனே சேரலாம் என்று திறந்து வைத்திருந்தன. அங்கிருந்து வந்து தொல்லை கொடுத்தவர்களைச் சமாளிக்க பீஹாவில் ஒரு சில நிர்வாகிகளே இருந்தனர். ஆட்களைத் தனித்தனியாகத் தடுக்கும் கருவிகளும் லெம்மியில் அப்போது போதுமானதாக இல்லை. எனவே அந்த இரண்டு சர்வர்களுடனும் தொடர்பை அடியோடு துண்டித்தனர்.

இதில் தவறு செய்யாத ஆயிரக்கணக்கானவர்களும் பாதிக்கப்பட்டனர். லெம்மி டாட் வேர்ல்டில் இருந்தபடி பீஹா குழுக்களில் எழுதி வந்தவர்களின் பேச்சு ஒரே நாளில் அறுந்தது. மறுபுறம், பீஹாவில் இருந்தவர்கள் விரும்பிய அமைதி அவர்களுக்குக் கிடைத்தது. ஆக, நீங்கள் எந்த சர்வரைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதன் நிர்வாகி எடுக்கும் முடிவு உங்களையும் சேரும். மேலே ஐந்தாவதாகச் சொன்ன பட்டியலைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

சர்வர் மூடப்பட்டால்?

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. லெம் டாட் இஇ என்பது லெம்மியின் பெரிய சர்வர்களில் ஒன்றாக இருந்தது. நன்றாகவும் நடத்தப்பட்டது. ஆனால் தொடர்ந்து நிர்வகிக்கப் போதிய ஆட்கள் இல்லை என்று 2025 ஜூன் தொடக்கத்தில் அறிவித்து, அந்த மாதக் கடைசியில் மூடிவிட்டார்கள். முன்கூட்டியே சொன்னதால் அங்கிருந்தவர்களுக்கு மூட்டை கட்ட அவகாசம் கிடைத்தது.

அங்கிருந்த குழுக்களின் பழைய பேச்சுகளின் பிரதிகள் மற்ற சர்வர்களில் இருந்தன. அதனால் ஆர்குட் போல எல்லாம் ஒரே நாளில் மறைந்து போகவில்லை. ஆனால் ஒரு குழுவின் சொந்த சர்வர் போய்விட்டால், அந்தக் குழுவில் புதிதாக எழுதுவது பிற சர்வர்களுக்குப் போய்ச் சேராது. எனவே மாடரேட்டர்கள் வேறு சர்வரில் புதிய குழு தொடங்கி, ஆட்களை அங்கே வரச் சொல்ல வேண்டியிருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது சுலபமானது. செட்டிங்ஸ் பக்கத்தில் "எக்ஸ்போர்ட்" என்று ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் நீங்கள் சேர்ந்துள்ள குழுக்கள், பிளாக் செய்தவர்கள், சேமித்து வைத்த போஸ்ட்கள், உங்கள் செட்டிங்ஸ் ஆகிய விவரங்கள் ஒரு சிறிய பைலாக உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். வேறு சர்வரில் புதிய அக்கவுண்ட் தொடங்கி, "இம்போர்ட்" மூலம் அந்தப் பைலைக் கொடுத்தால் எல்லாக் குழுக்களிலும் மீண்டும் சேர்ந்துவிடலாம். ஆனால் நீங்கள் எழுதிய போஸ்ட்களும் கமெண்ட்களும் இந்தப் பைலில் வராது. அவை பழைய பெயரிலேயே நிற்கும். நீளமாக, உழைத்து எழுதியவற்றை உங்கள் கம்ப்யூட்டரில் தனியே ஒரு பைலாகச் சேமித்து வைத்துக் கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை, மின் கட்டணம் கட்டும் நாள் போல ஒரு நாளைக் குறித்துக் கொண்டு எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள்.

ரகசியம் பேசும் இடம் இல்லை

லெம்மியில் எழுதும் எதுவும் பல சர்வர்களில் பிரதியாகச் சேர்கிறது. நீங்கள் டெலீட் செய்தால், "இதை நீக்கிவிடுங்கள்" என்ற வேண்டுகோள் மற்ற சர்வர்களுக்கும் போகும். ஆனால் எல்லா சர்வர்களும் அதை நிறைவேற்றும் என்ற உத்தரவாதம் இல்லை. தனிப்பட்ட மெசேஜ் அனுப்பும் வசதி இருந்தாலும் அது பூட்டி அனுப்பப்படுவதில்லை. சர்வர் நிர்வாகி நினைத்தால் படிக்க முடியும். நீங்கள் போடும் ஓட்டு விவரமும் நிர்வாகிகளின் பார்வைக்கு எட்டும். எனவே போன் எண், வீட்டு முகவரி, பிள்ளைகளின் பள்ளி, பேங்க் விவரம் போன்றவற்றை எங்கும் எழுத வேண்டாம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உரக்கச் சொல்லத் தயங்கும் எதையும் இங்கே எழுதக் கூடாது என்பதை விதியாக வைத்துக் கொள்ளுங்கள்.

முடிவாக

நிறுவனம் நடத்தும் பெரிய தளத்தில் எல்லா வேலைகளையும் அவர்களே செய்கிறார்கள். எல்லா முடிவுகளையும் அவர்களே எடுக்கிறார்கள். லெம்மி போன்ற சின்ன ஊரில் முடிவெடுக்கும் உரிமையில் ஒரு பங்கு உங்களுக்கு வருகிறது. எந்த சர்வரில் இருப்பது, எப்போது இடம் மாறுவது, எந்தக் குழுவை உயிரோடு வைத்திருப்பது என்பதெல்லாம் உங்கள் கையில். கூடவே வேலையில் ஒரு பங்கும் வருகிறது.

அவசரப்பட்டு பழைய தளத்தை மூடிவிட வேண்டாம். இரண்டையும் ஒரு மாதம் வைத்திருங்கள். வாரம் இரண்டு கமெண்ட், மாதம் ஒரு போஸ்ட் என்று லெம்மியில் எழுதிப் பாருங்கள். மாதக் கடைசியில், உங்கள் பெயரைச் சொல்லி யாராவது ஒருவர் பதில் எழுதியிருந்தால் நீங்கள் சரியான குழுவைத்தான் பிடித்திருக்கிறீர்கள். உங்கள் சர்வரின் முதல் பக்கத்தில் நன்கொடை லிங்க் இருந்தால், முடிந்த தொகையை அனுப்புங்கள். முடியாவிட்டால், புதிதாக வந்து தடுமாறும் ஒருவரின் முதல் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அதுவும் அந்த ஊருக்குச் செலுத்தும் வாடகைதான்.